டிரம் கழுவிய தண்ணீர்

குழந்தைசாமிக்கு அலுப்பு என்பது கூடவே எழுந்து கூடவே படுக்கிற சமாச்சாரமாகிவிட்டிருந்தது. இருபத்தெட்டெல்லாம் ஒரு வயதா என்று கேட்கலாம். பாலிடெக்னிக்கில் கூடப் படிக்கிற பையன்களுக்கு இப்போதுதான் மீசை கருக்கிறது. இவனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். ரோட்டு வேலையில் கூலியாட்களோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தவன், ஓவர்சியர் படிப்பு படித்தால் நிழலில் நிற்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தான். வந்தவன் ஒழுங்காகப் பாஸாகித் தொலைத்தானா என்றால் அதுவும் இல்லை. கணக்கில் ஒரு வருஷம் போச்சு, சர்வேயில் இன்னொரு வருஷம் போச்சு. கடைசி வருஷத்துக்கு வந்து சேர்வதற்குள் முன்தலையில் முடியும் கொஞ்சம் போச்சு.

பெண்சாதி பிச்சையம்மாள் கறம்பக்குடிக்குப் பக்கத்தில் அவள் அண்ணன் நாகராசு வீட்டில் இருந்தாள். நாகராசு நல்ல மனுஷன்தான். ரைஸ் மில் வைத்திருந்தான். தங்கச்சிக்குச் சோறு போட மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவன் பெண்சாதிதான் அதைச் சொல்லாமல் சொல்லுவதில் கெட்டிக்காரி. உலையில் அரிசி போடும்போது, "இன்னைக்கு எத்தனை பேருக்குப் போடணும்?" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கேட்பாள். தினமும் சாப்பிடுகிற அதே ஆட்கள்தான், புதிதாக யாரும் வந்துவிடவில்லை. பிச்சையம்மாள் அதற்கெல்லாம் வாய் திறப்பதில்லை. சனிக்கிழமை பஸ்ஸில் புருஷன் வந்து இறங்கும்போது மட்டும் அவள் கேட்பது ஒன்றே ஒன்று.

"எப்பங்க நமக்குன்னு ஒரு அடுப்பு?"

இவன் செருப்பைக் கழற்றிவிட்டு, "பாப்போம்" என்பான். வேறு என்னத்தைச் சொல்ல?

அப்படி இருக்கும்போதுதான் ரெங்கராஜ் சார் வகுப்பில் போட்டி விஷயத்தைச் சொன்னார். ரெங்கராஜ் கான்கிரீட் பாடம் எடுக்கிறவர். சட்டைப் பையில் எந்நேரமும் மூன்று பேனா குத்தியிருப்பார், எழுதுவது என்னவோ ஒன்றில்தான். வெள்ளாற்றில் ஒரு சின்னப் பாலம் வரப்போகிறதாம். அந்த வேலையைப் பார்க்கிற பெரிய என்ஜினீயர் பாலிடெக்னிக் பையன்களுக்குப் போட்டி வைக்கிறாராம். எல்லா ஜோடிக்கும் ஒரே அளவு சிமெண்ட் கொடுத்துவிடுவார்கள். மணல் எவ்வளவு, ஜல்லி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது அவரவர் கணக்கு. இரும்பு அச்சில் சதுரக் கல்லாக வார்த்து, நாலு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, மிஷினில் வைத்து அமுக்கி உடைக்க வேண்டும். எந்த ஜோடியின் கல் அதிக பாரம் தாங்குகிறதோ அந்த ஜோடிக்குப் பாலத்து வேலையில் சூப்பர்வைசர் உத்தியோகம், பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து.

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. குழந்தைசாமியும் உட்கார்ந்தான். பாலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஓலைக் கொட்டகை கிடைத்தால் போதும், பிச்சையம்மாள் மூன்று கல்லை வைத்து உலையை ஏற்றிவிடுவாள் என்று அவனுக்கு அந்த நிமிஷமே ஓடியது. படிப்பில் அவன் மூளை அத்தனை வேகமாக ஓடியிருந்தால் என்றைக்கோ ஓவர்சியர் ஆகியிருப்பான்.

மூன்று ஜோடி சேர்ந்தது. முத்துராமனும் ராமுவும் ஒரு ஜோடி. முத்துராமன் வகுப்பில் முதல் மார்க், அவனை ஜெயிக்க ஆள் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். குளத்தூர்ப் பையன்கள் இரண்டு பேர் இன்னொரு ஜோடி. குழந்தைசாமியோடு சேர யாரும் வரவில்லை, செபமாலை மட்டும் வந்தான். செபமாலை மெலிந்த பையன், ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட மாட்டான். அவன் ஆத்தா இன்னாசியம்மாள் நார்த்தாமலைக் குவாரியில் ஜல்லி உடைக்கிறவள். அப்பன் இல்லை. அவனுக்கும் இந்த உத்தியோகம் வந்தாக வேண்டும். வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும், ஜல்லியை ஒவ்வொன்றாகக் கழுவி அடுக்கி வைக்கிற தினுசிலேயே அது தெரிந்தது.

"அண்ணே, தூசி இருந்தா சிமெண்ட் புடிக்காதுண்ணே" என்பான்.

"கழுவு, கழுவு. கழுவுன தண்ணிய அந்தப் பூவரசங் கன்னுக்கு ஊத்து" என்பான் குழந்தைசாமி.

தண்ணீர் விஷயத்தில் குழந்தைசாமி மகா கஞ்சன். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. தண்ணீர் வண்டி வருகிற நாள் வரும், வராத நாள் வராது. ஆனால் அவன் கஞ்சத்தனம் அந்த வருஷத்தோடு வந்ததில்லை. அவன் பிறந்த ஊரில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்குப் பொம்பளைகள் கண்மாய்க்கு அப்பால் போய்ப் பள்ளம் தோண்டிக் காத்திருக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, முகம் கழுவிய தண்ணீர் செடிக்கு, குடம் அலசிய தண்ணீர் மறுபடி குடத்துக்கு. கீழே கொட்டினால் பெற்ற தாய் என்றும் பார்க்காமல் ஏசுவார்கள். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் பையன்கள் குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் பல் தேய்ப்பதைப் பார்த்தால் இவனுக்கு வயிறு எரியும். அடித்தாலும் பரவாயில்லை என்று போய்க் குழாயை மூடிவிட்டு வருவான்.

கல் வார்க்கிற நாளுக்கு முதல் நாள் ராமநவமி. வருஷா வருஷம் பாலிடெக்னிக் வாசலில் பந்தல் போட்டுப் போகிற வருகிற சனங்களுக்குப் பானகமும் மோரும் கொடுப்பது வழக்கம். ஹாஸ்டல் அண்டா கோயிலுக்குப் போய்விட்டதால், கான்கிரீட் லேபில் சும்மா கிடந்த தகர டிரம்மைத் தூக்கிக்கொண்டு போனான் அட்டெண்டர் ராக்கன். நல்ல வெயில். வெல்லமும் சுக்கும் எலுமிச்சம்பழமும் போட்டுக் கலக்கிய பானகம் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. குழந்தைசாமி நாலு டம்ளர் குடித்தான். அன்றைக்கு அவனுக்கு மத்தியானச் சோறும் அதுதான். சாயங்காலம் டிரம்மை ராக்கன் கொண்டுவந்து லேபில் பழைய இடத்திலேயே போட்டான். கழுவினானா என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மறுநாள் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் குழந்தைசாமி ஜோடிக்குக் கடைசி முறை வந்தது. ரெங்கராஜ் சார் பையில் இருந்த மூன்று பேனாவையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தண்ணி விஷயத்துல ஒரே ரூல்தான். குடிக்கத் தகுந்த தண்ணியா இருக்கணும். குடிக்க முடியாத தண்ணி கான்கிரீட்டுக்கும் ஆகாது."

முத்துராமன் ஜோடி வார்த்து முடித்தது. குளத்தூர் ஜோடி வார்த்து முடித்தது. இரண்டு ஜோடியும் தண்ணீரைத் தாராளமாகப் புழங்கி, வாளி, சட்டி, கரண்டி எல்லாம் கழுவி, காலையும் கழுவிக்கொண்டு போனார்கள். இவன் முறை வரும்போது தொட்டியில் அடித்தண்ணீர்தான் இருந்தது. தண்ணீர் வண்டி இனி சாயங்காலம்தான். மிச்சம் இருக்கிற தண்ணீரைப் பிடித்து வைக்க அந்தத் தகர டிரம்மைத் தவிர வேறு பாத்திரமும் இல்லை. டிரம்மின் அடியில் பானகம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

செபமாலை அரை வாளித் தண்ணீரை ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தான். தேய்த்துவிட்டு டிரம்மைச் சாய்க்கப் போனான்.

"எங்க கொட்டப் போற?" என்றான் குழந்தைசாமி.

"கழுவுன தண்ணிண்ணே. வெளில கொட்டிர்றேன்."

"இருக்கிறதே அரைக்கால் தொட்டி. இதுல அரை வாளியக் கொட்டிட்டா கலவைக்கு எங்கிட்டுப் போறது? நேத்து ஊரே குடிச்ச தண்ணிதான அது."

"பானகம்ணே அது."

"பானகத்துல என்ன வெஷமா இருக்கு? குடிக்கத் தகுந்த தண்ணின்னுதான சார் சொன்னாரு. அதுலயே அளந்து ஊத்து."

செபமாலை டிரம்மை நிமிர்த்தி வைத்தான். தன்னைவிடப் பெரியவன், வேலை பார்த்து அனுபவப்பட்டவன், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான். அந்த அரை வாளியும் அளவுக் குவளையில் ஏறிக் கலவைக்குள் போனது. ஆறு கல் வார்த்தார்கள். கலவை அச்சுக்குள் வெண்ணெயாக இறங்கியதைப் பார்த்து, நாமும் பிழைத்துக்கொள்வோம் போலிருக்கிறதே என்று குழந்தைசாமி கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டான், பாவி மனுஷன்.

மறுநாள் சனிக்கிழமை காலை அச்சைப் பிரிக்க எல்லோரும் கூடினார்கள். முத்துராமன் கல் கணீரென்று வந்தது. குளத்தூர்க் கல்லும் மூலை உடையாமல் வந்தது. குழந்தைசாமி தன் அச்சின் மேல் போட்டிருந்த ஈரச் சாக்கை விலக்கிக் கட்டைவிரலை வைத்தான். விரல் உள்ளே போனது.

ரெங்கராஜ் சார் குனிந்து பார்த்தார். பென்சிலால் குத்தினார். பென்சில் குத்திட்டு நின்றது.

"என்னப்பா இது, களி கிண்டி வச்சிருக்கீங்க?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். முத்துராமன் சிரிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லவன்.

"சார், இன்னொரு தடவை வார்க்கிறதுக்கு..." என்று செபமாலை ஆரம்பித்தான்.

"சிமெண்ட் என்ன எங்க வீட்ல காய்க்குதா? பர்மிட்டுக்கு ஆறு மாசம் நடந்து வாங்கினது. ஒங்க பங்கு முடிஞ்சு போச்சு. எல்லாத்தையும் வழிச்சுக் கொட்டிட்டு அச்சைக் கழுவி வைங்க."

வழித்துக் கொட்டக்கூடக் குழந்தைசாமிக்குத் தெம்பில்லை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சாக்கை மறுபடி இழுத்துப் போர்த்திவிட்டு, கறம்பக்குடி பஸ்ஸைப் பிடித்தான். வழியெல்லாம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு ஒன்றையும் பார்க்காமல் வந்தான். வீட்டில் பிச்சையம்மாள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். போட்டி விஷயத்தைப் போன வாரம் இவனே வாய் கொள்ளாமல் சொல்லி வைத்திருந்தான், இப்போது எந்த வாயால் இல்லை என்பது? "நாலு வாரம் போகணும்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

திங்கட்கிழமை கடப்பாரையோடு போனவன் சாக்கை விலக்கி, வழித்துக் கொட்டுவதற்காகக் கடப்பாரை நுனியை வைத்து ஒரு தட்டுத் தட்டினான். டங்கென்றது. குழந்தைசாமி இன்னொரு தரம் தட்டினான். மறுபடியும் டங்கென்றது. செபமாலை ஓடி வந்து அச்சின் ஆணியைக் கழற்றினான். ஆறு கல்லும் மூலை மூலையாக, பளிங்கு மாதிரி வழவழவென்று வெளியே வந்தன.

ரெங்கராஜ் சார் வந்து தட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார். இறுகக் கொஞ்சம் தாமதமாகியிருக்கிறது, தாமதமாக இறுகக் கூடாது என்று போட்டி விதியில் எங்கும் எழுதவில்லை, வார்த்த நாள் ஒன்றுதான், தொட்டியில் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தோற்றுப்போன பையன்கள் தொலைந்து போகட்டும் என்கிற தாராளம் அது.

கல்லைத் தொட்டியில் இறக்கிவிட்டு நிமிரும்போதுதான் செபமாலை அந்த டிரம்மைப் பார்த்தான். விளிம்பில் தகரம் மடிந்திருக்கிற இடத்தில் எறும்பு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தது. அவன் விரலால் அந்த மடிப்பை வழித்து நாக்கில் வைத்தான். குழந்தைசாமியின் பக்கம் திரும்பினான்.

"இனிக்குதுண்ணே."

லைப்ரரியில் இருந்த தடிப் புத்தகத்தைச் செபமாலைதான் தேடி எடுத்தான். சர்க்கரை சிமெண்ட்டை இறுக விடாது என்று இருந்தது. கொஞ்சமே கொஞ்சம் என்றால் தாமதமாக இறுகிப் பின்னால் பலம் கூடுவதும் உண்டு, அதிகமானால் கல்லே ஆகாது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. எது கொஞ்சம், எது அதிகம் என்பது கையளவுகூட இல்லை, சிட்டிகை வித்தியாசம். இரண்டு பேரும் அன்னவாசல் ரோட்டில் புளியமரத்தடியில் நின்று பேசினார்கள்.

"என்ன செய்யிறதுண்ணே?"

"என்னத்தச் செய்ய? பலம் வந்தா பாத்துக்குவோம். வரலைன்னா கதை முடிஞ்சுது."

"வந்து, என்ன போட்டீங்கன்னு கேட்டா?"

"கேட்டா சொல்லுவோம். கேக்காட்டி விட்ருவோம்."

"சரிண்ணே" என்றான் செபமாலை. அவனுக்கு அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

நாலு வாரம் இழுத்துக்கொண்டு போனது. பங்குனி வெயில் சித்திரை வெயிலானது. தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய இரண்டு பேரும் வண்டிக்காரனைக் கெஞ்சி நிரப்பினார்கள். மூன்று ஜோடிக் கல்லும் ஒரே தொட்டியில் கிடந்ததால் முத்துராமன் கல்லுக்கும் சேர்த்து இவர்கள்தான் தண்ணீர் சுமந்தார்கள். சனிக்கிழமை தவறாமல் பிச்சையம்மாள் கேட்டாள், இவன் தவறாமல் வாரக் கணக்குச் சொன்னான். ஒரு வாரம் அவள் சொன்னாள், "நான் ஒரு சட்டியும் அகப்பையும் வாங்கி வச்சிட்டேங்க. அண்ணிக்குத் தெரியாது, நெல்லுக் குதிருக்குப் பின்னாடி இருக்கு." சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். இவன் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரிய என்ஜினீயர் ஜீப்பில் வந்து இறங்கினார். இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் இறங்கினார்; காலையிலிருந்து ஜீப்பில் மூன்று இடம் போய்வந்த மனுஷன். நாற்காலி போட்டார்கள், இளநீர் கொடுத்தார்கள். முதலில் குளத்தூர்க் கல்லை மிஷினில் வைத்து ராக்கன் நெம்புகோலை அடித்தான். முள் ஏறி ஏறி, ஒரு இடத்தில் கல் பொருமி உடைந்தது. சுமார்தான். அடுத்து முத்துராமன் கல். சதுர அங்குலத்துக்கு மூவாயிரம் ராத்தலைத் தாண்டி நின்று உடைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கடைசியாகக் குழந்தைசாமி கல். ராக்கன் அடித்தான், முள் மூவாயிரத்தைத் தாண்டியது. இன்னும் அடித்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. முள் நாலாயிரத்தைத் தொட்டுத் தாண்டி, அதற்கப்புறம்தான் வெடி வெடித்த மாதிரி கல் பிளந்தது. இரண்டாவது கல்லும் அப்படியே. ஒன்றை மட்டும் உடைக்காமல் விட்டுவிட்டு, மிச்ச எல்லாக் கல்லையும் உடைத்துப் பார்த்துவிட்டார்கள். எல்லாம் ஒரே ரகம்.

என்ஜினீயர் நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார். உடைந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முத்துராமனா இது?" என்றார்.

"இல்லீங்க சார், குழந்தைசாமி, செபமாலை" என்றார் ரெங்கராஜ். சொல்லும்போது அவருக்கே நம்பிக்கையில்லை.

"பலே. அதே சிமெண்ட்டுல இவ்வளவு பலமா? இப்ப சிமெண்ட் கெடைக்கிற லட்சணத்துல எனக்கு இதுதான் வேணும். இந்தப் பலம் வருதுன்னா பாலத்துல ஒரு மூட்டை போடுற எடத்துல முக்கால் மூட்டை போட்டாப் போதும்." கடிகாரத்தைப் பார்த்தார். "நான் அறந்தாங்கி போகணும். தம்பி, ஒன் விகிதத்த போர்டுல பெருசா எழுது, நான் குறிச்சுக்கிறேன். ரெங்கராஜ், இவங்க ரெண்டு பேருக்கும் ஆர்டர் அனுப்பிர்றேன்."

அவ்வளவுதான். என்ன போட்டாய் என்று அவர் கேட்கவே இல்லை. நாலு வாரமாக எந்தக் கேள்விக்குப் பயந்து சோறு இறங்காமல் கிடந்தானோ, அந்தக் கேள்வி வராமலே போய்விட்டது. செபமாலை பெருமூச்சு விட்டது குழந்தைசாமிக்குக் கேட்டது.

சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனான். சிமெண்ட் என்று எழுதி எதிரே எடையைப் போட்டான். மணல் போட்டான். ஜல்லி போட்டான். தண்ணீர் என்று எழுதி அளவையும் போட்டான். பின்னால் என்ஜினீயர் குறித்துக்கொள்கிற பேனாச் சத்தம் கேட்டது. குதிருக்குப் பின்னால் இருக்கிற சட்டியும் அகப்பையும் அவன் கண் முன்னால் வந்து நின்றன. முக்கால் மூட்டை என்று அவர் சொன்னதும் கூடவே வந்து நின்றது. நாளைக்குப் பாலத்தில் இவனேதான் நின்று கலவை போடச் சொல்ல வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றி, சிமெண்ட்டையும் குறைத்துக் கட்டுவார்கள், மேலே லாரி போகும், பஸ் போகும். இந்தப் பலத்தில் தங்கள் கணக்கு எத்தனை பங்கு, வெல்லம் எத்தனை பங்கு என்று அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவனுக்கு அழுகை வரும் போலிருந்தது. எழுதாதே எழுதாதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. கை என்னவோ தண்ணீருக்குக் கீழே இறங்கி, 'பானகம்' என்று எழுதிவிட்டது. எதிரே போட எண் இல்லாததால் அந்த இடத்தைக் காலியாக விட்டான்.

"இது என்னப்பா?" என்றார் என்ஜினீயர்.

"பானகம் சார். ராமநவமிக்குப் பானகம் கரைச்ச டிரம்மைக் கழுவி, கழுவுன தண்ணியையும் கலவையில ஊத்திட்டோம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரெங்கராஜ் சாரின் முகம் சிவந்தது. "குழந்தைசாமி, பெரியவங்க முன்னாடி வெளையாடாதே."

என்ஜினீயர் செபமாலை பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி. ஒன் கூட்டாளி சொல்றது நெசமா, இல்ல வெயில்ல அவனுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சா?"

செபமாலைக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். இல்லை சார், அண்ணனுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல் என்றால், போர்டை அழித்துவிட்டு எல்லோரும் போயிருப்பார்கள். அவன் தரையைப் பார்த்தான். உடைந்த கல்லைப் பார்த்தான். குழந்தைசாமி பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"நெசந்தாங்க சார். டிரம் வெளிம்ப நான் நக்கிப் பாத்தேன். வெல்லந்தான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"எவ்வளவு போச்சு உள்ள?"

"தெரியாதுங்க சார். டிரம்முல ஒட்டியிருந்தது எவ்வளவோ அவ்வளவு."

"மறுபடி வார்த்தா இதே பலம் வருமா?"

"சொல்ல முடியாதுங்க" என்றான் குழந்தைசாமி. "கூடக் கொஞ்சம் போயிருந்தா கல்லே ஆயிருக்காது."

என்ஜினீயர் குறித்த தாளை மடித்து, மடித்ததைக் கிழித்தார். "பாலம் கட்டுறதுக்கு வருஷம் பூரா ராமநவமி கொண்டாட முடியாதுப்பா" என்றார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. முத்துராமனைக் கூப்பிட்டு அவன் விகிதத்தை எழுதச் சொன்னார். குழந்தைசாமி எழுதியதை முத்துராமன் துணியால் அழிக்க வேண்டியிருந்தது. 'பானகம்' அழுத்தி எழுதியிருந்ததால் இரண்டு முறை துடைத்தான். ஜீப்பில் ஏறும்போது என்ஜினீயர் குழந்தைசாமியைப் பார்த்து, "நல்ல வேளை சொன்னே" என்றார். நல்ல வேளை யாருக்கு என்று சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு இரண்டு பேரும் அச்சுகளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தார்கள்.

"கேட்டா சொல்லுவோம்னுதானண்ணே பேசுனோம்" என்றான் செபமாலை.

"ஆமா."

"அவரு கேக்கலையே."

"கேக்கல."

செபமாலை ஒரு அச்சை எடுத்து, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். "நான் இல்லைன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம். நான் ஒன்னும் நெனச்சிருக்க மாட்டேன்."

"வாய் வரலண்ணே" என்றான். அதற்கப்புறம் அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, டீ குடிக்கக்கூட வராமல் நார்த்தாமலை பஸ்ஸுக்குப் போய்விட்டான். குழந்தைசாமிக்குத் தன் உத்தியோகம் போனதைவிட அந்தப் பையன் முதுகைப் பார்ப்பதுதான் தாங்கவில்லை.

உடைக்காமல் மிஞ்சிய ஒரு கல்லைக் காட்டி ரெங்கராஜ் சார், "இதை எடுத்துக்கிட்டுப் போ, இங்க வேண்டாம்" என்றார். அதைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கறம்பக்குடி பஸ் ஏறினான். கண்டக்டர், "என்னங்க, அம்மிக்கல்லா?" என்றான். "ஆமா" என்றான். விளக்கம் சொல்ல யாருக்குத் தெம்பு இருக்கிறது?

வீட்டில் நல்லவேளையாக நாகராசுவும் அவன் பெண்சாதியும் மில்லுக்குப் போயிருந்தார்கள். பிச்சையம்மாள் கொல்லையில் அப்போதுதான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சும்மாட்டை உதறிக்கொண்டிருந்தாள். இவன் முகத்தைப் பார்த்ததும் அவள் அந்த வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. இவன் தோளிலிருந்த கல்லைச் சுவரோரம் இறக்கி வைத்தான்.

"கெடைக்கலம்மா" என்றான். "கையில வந்துச்சு. நானே போக்கிட்டேன்."

அவள் உள்ளே போனாள். சொம்பில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைத்து, ஒரு டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். வெயிலில் வந்தவர்களுக்கு அந்த வீட்டில் அதுதான். அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான்.

"குடிங்க. அப்படி என்னதான் தப்புப் பண்ணினீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல. பானகம் கரைச்ச டிரம்மைக் கழுவுனோம். கழுவுன தண்ணியக் கீழ கொட்டியிருக்கணும். கொட்டாம கலவையில ஊத்திட்டேன்."

பிச்சையம்மாள் அதை யோசித்துப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நன்றாகவே யோசித்தாள். அவளுக்கு அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை.

"அதை எதுக்குங்க கொட்டணும்?" என்றாள்.

குழந்தைசாமி டம்ளரைக் காலி செய்து நீட்டினான். அவள் சொம்பின் அடியில் ஒட்டியிருந்த கருப்பட்டியை ஒரு கைத் தண்ணீர் விட்டு அலசி, அலசிய தண்ணீரையும் அவன் டம்ளரிலேயே ஊற்றினாள். அவன் அதையும் குடித்தான்.